ஒளித்துக் கேட்கும் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களில் ஏழெட்டு வருஷம் கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பாட்டு கேட்கிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு. அது வெளியில் சொல்லக் கூசுகிற பாட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

“கில்ட்டி பிளஷர்னு சொல்றாங்களே, அது என்னங்க? தமிழ்ல அதுக்கு என்ன பேரு?”

ஒரு பாட்டு உங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது பிடித்திருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிவது பிடிக்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்த நிலைதான் அது. தமிழில் நிலைத்த பெயர் ஒன்றும் கிடையாது. எங்கள் மாடியில் ‘கூச்சப் பாட்டு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

“எனக்கு மட்டும்தான் இப்படியா? எல்லாருக்கும் இருக்கா?”

எல்லோருக்கும் இருக்கிறது என்று கடையில் உட்கார்ந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். 60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறேழு பாட்டு. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் வரிசை எண் போட்டு, படத்தின் பெயரோடு பாட்டு லிஸ்ட் வரும். எல்லாம் மெலடி, எல்லாம் பெயர் பெற்ற பாட்டு. தாளை நீட்டிவிட்டு, காசு கொடுத்துவிட்டு, படியில் கால் வைக்கும்போது திரும்பிப் பார்ப்பார்கள். “பி சைடுல இடம் மிச்சம் இருந்தா அந்த இன்னொரு பாட்டையும் போட்டு விடுங்க.” அந்த இன்னொரு பாட்டு ஒருநாளும் தாளில் இருக்காது, வாயால்தான் சொல்வார்கள். பெரும்பாலும் டப்பாங்குத்து, இல்லையென்றால் ஏதாவது ‘அந்த மாதிரி’ பாட்டு.

அப்புறம் கேசட் வாங்க வரும்போது முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். “இடம் இருந்துச்சா?” என்று கேட்பார்கள். நான் எப்போதும் இடம் பார்த்து வைத்திருப்பேன். வேறு ஏதாவது ஒரு பாட்டை விட்டாவது அதைப் போட்டுவிடுவேன். விட்டுப்போன மெலடியைப் பற்றி யாரும் வந்து கேட்டதில்லை. ஒரு வாத்தியார் மட்டும் முழுக் கேசட்டையும் அந்த மாதிரிப் பாட்டுகளாலேயே நிரப்பச் சொல்லி, அட்டையில் ‘பக்திப் பாடல்கள்’ என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

“பாட்டு என் காதுக்குள்ளதானே ஓடுது. அதுக்கு எதுக்கு வெட்கம் வரணும்?”

நாம் ஒரு பாட்டை மட்டம் என்று சொல்லும்போது பயன்படுத்துகிற பெயர்களைக் கவனியுங்கள். குப்பத்துப் பாட்டு. டீக்கடைப் பாட்டு. மினி பஸ் பாட்டு. லாரி டிரைவர் பாட்டு. கிராமத்துப் பக்கம் போனால் சாவுக் கொட்டு. இதில் ஒரு பெயராவது மெட்டைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ பேசுகிறதா? எல்லாம் இடத்தின் பெயர், தொழிலின் பெயர், ஆட்களின் பெயர். பாட்டைக் கேட்டு வருகிற வெட்கம் இல்லை இது. அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களோடு நம்மையும் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற பயம்தான்.

பிரான்ஸில் பியர் பூர்தியூ என்ற சமூகவியலாளர் 1960களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து இதை ஆராய்ந்தார். 1979-ல் புத்தகமாக வந்தது. யாருக்கு எந்த இசை பிடிக்கும் என்பது அவர்களுடைய படிப்போடும் வேலையோடும் குடும்பத்தோடும் ஒட்டி வருகிறது என்று காட்டினார். அதே 1979-ல் ஜூலை 12 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள், கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. டிஸ்கோ வளர்ந்தது கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடிய கிளப்புகளில். வெடித்தது வெறும் பிளாஸ்டிக் தட்டு மட்டும்தானா என்று அந்த மக்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

“அப்போ தரம்னே ஒண்ணு இல்லையா? எல்லாப் பாட்டும் சமம்தானா?”

கிடையாது. மோசமான பாட்டு நிறையவே இருக்கிறது. அந்தந்த வகையை அந்தந்த வகையின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். குத்துப் பாட்டில் ராக விஸ்தாரம் தேடுவது, ஆலாபனையில் ஆட்டம் தேடுவது மாதிரி.

நல்ல குத்துப் பாட்டுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தவில்காரரைக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். மெல்லிசைக் குழுக்காரர்கள் ‘சிக்ஸ் எயிட்’ என்று சொல்கிற ஆறெட்டுத் தாளம் வேகம் கூடாமலும் குறையாமலும் நிற்க வேண்டும். தவிலும் உருமியும் பறையும் ஒன்றை ஒன்று அமுக்காமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பல்லவியின் முதல் வரி இரண்டாம் முறை வரும்போதே கூட்டம் கூடச் சேர்ந்து பாட வேண்டும். பாடகர் அடி விழுகிற இடத்தில் சொல்லைச் சரியாக உட்கார வைக்க வேண்டும். இது எல்லாம் அமைந்த பாட்டு நூற்றில் பத்து கூடத் தேறாது. அந்தப் பத்தையும் மற்ற தொண்ணூறையும் சேர்த்து ‘சத்தம்’ என்று தள்ளிவிடுகிறோம்.

“இந்த உசத்தி, மட்டம் எல்லாம் முன்னாடி இருந்தே இருக்கா?”

இருக்கிறது. ஆனால் எது உசத்தி என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அதுதான் முக்கியம். ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பஜனை மடத்துக்கே அடையாளம் அது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. நம் சங்கீதத்தின் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வழுக்கிப் பாடும் அழகு, அதில் வராது, அது வெளிநாட்டுப் பெட்டி என்பது காரணம். 1971-ல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. வயலினும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அதற்கு வாசல் திறந்திருந்தது.

கர்நாடகக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டே ஒரு காலத்தில் ‘துக்கடா’தான். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கனமான கீர்த்தனைகள் முடிந்த பிறகு, ஜனங்கள் எழுந்து போகும் நேரத்தில் பாடுவது. இதை எதிர்த்துத்தான் 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் பணமும் ஆதரவும் கொடுத்தார், கல்கி எழுதிக் குவித்தார், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. மியூசிக் அகாடமி தரப்பில் கடும் எதிர்ப்பு இருந்தது. தாய்மொழியில் பாடுவதற்கே வாதாட வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அப்புறம் சினிமாப் பாட்டு. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு அது மட்டமான இசை. அவர் காலத்தில் வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார்கள், தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, பாட்டே இல்லை என்ற நிலை வந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்தார்கள். நேயர்கள் அத்தனை பேரும் கடல் தாண்டிப் போன பிறகு, 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

“சாமிப் பாட்டு பாடுற குரல்லயே அந்த மாதிரிப் பாட்டும் வந்தா எப்படிங்க ஏத்துக்கிறது?”

எல்.ஆர். ஈஸ்வரியை மனதில் வைத்துத்தான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எனக்கு நேரம் போதாது.

1961-ல் ‘பாசமலர்’ படத்தில் ‘வாராய் என் தோழி வாராயோ’ பாடியவர் அவர். மணப்பெண்ணை அழைக்க இன்னும் அந்தப் பாட்டுதான். 1968-ல் ‘பணமா பாசமா’வில் ‘எலந்தப் பழம்’ பாடியவரும் அவரே. எழுதியவர் கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன். அந்தப் பாட்டு பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது, முகம் சுளித்தவர்களும் உண்டு. கிளப் டான்ஸ் பாட்டு என்றால் கூப்பிடு ஈஸ்வரியை என்று ஆனது. ஆடி மாதம் பிறந்ததும் அம்மன் கோயில் கோன் ஸ்பீக்கரில் ‘செல்லாத்தா’ என்று கூப்பிடுகிற குரலும் அதே குரல்தான்.

கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றிலும் ஒரே வேலைதான் நடக்கிறது. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கிறவனையும் தொட்டு இழுக்கிற திறந்த குரல். கல்யாணத்தில் அதை மங்கலம் என்கிறோம், கோயிலில் அருள் என்கிறோம், திரையில் கவர்ச்சி என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்தக் குரலைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. அவர் எந்தப் பாட்டையும் அரை மனதோடு பாடவில்லை, அதுவே எனக்குப் போதும்.

“கானாவையும் பறையையும் இப்போ மேடையில வெச்சுக் கொண்டாடுறாங்க. எப்போ மாறுச்சு?”

ஒரே நாளில் மாறவில்லை, இன்னும் முழுசாக மாறவும் இல்லை. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது வயல்காட்டுப் பாட்டின் மெட்டு சினிமாவின் நடுவில் வந்து உட்கார்ந்தது. 1990களில் தேவா வடசென்னை கானாவைத் திரைக்குக் கொண்டு வந்தார். 2012-ல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவின் குரல் கல்லூரிப் பிள்ளைகள் வரை போனது.

சினிமாவுக்கு வெளியே நடந்தது அதைவிடப் பெரிது. 2015-ல் கர்நாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தி, மீனவர் குடியிருப்பில் கர்நாடகக் கச்சேரியையும் மற்றக் கலைகளையும் சேர்த்து வைத்தார்கள். 2018 ஜனவரியில் சினிமா இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. 2020 டிசம்பரில், சபாக் கச்சேரி நடக்கும் அதே மார்கழியில், ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசை விழா தொடங்கியது. மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சாவு வீட்டு வாசலில் மட்டும் நிறுத்தி வைத்திருந்த கருவி டெல்லி வரை போய் நின்றது. ஆனால் பறையடிக்க ஆளைச் சாதி பார்த்துக் கூப்பிடுகிற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. கைதட்டுகிற நேரத்தில் இதையும் ஞாபகம் வைக்க வேண்டும்.

“எல்லாத்தையும் கேக்குறேன்னு சொல்றதே இப்போ ஒரு ஃபேஷன்தானே?”

ஓரளவுக்கு ஆமாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் பீட்டர்சன், ரோஜர் கெர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கணக்கெடுப்பை ஒப்பிட்டு 1996-ல் எழுதினார்கள். உயர்ந்த வேலையில் இருந்த சாஸ்திரிய இசை ரசிகர்கள், மட்டம் என்று ஒதுக்கிய வகைகளையும் முன்பைவிடக் கூடுதலாக ரசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மனசு விரிந்தது ஒரு பக்கம். ‘நான் எதையும் ஒதுக்காதவன்’ என்று காட்டுவதே புது அந்தஸ்து ஆனது இன்னொரு பக்கம்.

இதைப் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற கேள்வி ஒன்று உண்டு. பாட்டைக் கொண்டாடுகிற நீங்கள் அதைப் பாடுகிறவருக்கு என்ன செய்தீர்கள்? எங்கள் மாடிக்கு வருகிற ஒரு ஐடி தம்பி கானாவை உருகி உருகிப் பேசுவார். அவர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கானா பாடகரைக் கூப்பிட்டார், கீபோர்டு குழுவுக்குக் கொடுத்த அதே சம்பளம், பந்தியில் அதே வரிசையில் சாப்பாடு. அவர் சொல்கிற பிரியத்தை நான் அப்படியே நம்புகிறேன்.

“எனக்கு இளையராஜா பாட்டு அவ்வளவா ஏறல. வெளிய சொன்னா அடிக்க வர்றாங்க. இதுவும் கூச்சப் பாட்டு கணக்குல வருமா?”

வரும். ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று மறைப்பது போலவே பிடிக்கவில்லை என்பதை மறைப்பதும். எனக்கு அவர் இசை உயிர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை நாங்கள் யாரும் அடிக்கப் போகவில்லை. எதனால் ஏறவில்லை என்று கேட்டோம். “எங்க வீட்டுல அப்பா குடிச்சுட்டு வந்தா அந்தப் பாட்டைத்தாங்க சத்தமா வைப்பாரு” என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“வரி ரொம்ப மோசமா இருக்கு, ஆனா மெட்டு மண்டைய விட்டுப் போகமாட்டேங்குது. என்ன பண்றது?”

இது வேறு விஷயம். மூன்றாவது கேள்விக்குச் சொன்ன பதில் இங்கே ஒத்து வராது. அங்கே ஆட்களைப் பார்த்து வருகிற வெட்கம், அதை உதறிவிடலாம். இங்கே பாட்டே ஒருத்தரைக் காயப்படுத்துகிறது. காதல் தோற்ற பையன் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைத் தெருவில் இழுக்கிற பாட்டு, வேண்டாம் என்று சொன்னவளைத் துரத்துகிற பாட்டு, நிறத்தையும் உடம்பையும் கேலி செய்கிற பாட்டு. அதைக் கேட்டுக் கூசினால் அந்தக் கூச்சம் சரியான கூச்சம்.

நானே மாடியில் அப்படி ஒரு பாட்டைப் போட்டேன். எல்லோரும் தாளம் போட்டோம். முடிந்ததும் ஒரு அக்கா சொன்னார், “நான் டைப்ரைட்டிங் கிளாஸ் போகும்போது இந்தப் பாட்டைப் பாடித்தான் ஒருத்தன் தினமும் சைக்கிள்ல பின்னாலயே வருவான்.” இருபத்தைந்து வருஷமாக நான் ரசித்த பாட்டு அவருக்கு அந்தத் தெருவாக இருந்திருக்கிறது. அப்புறம் அதைக் கூட்டத்தில் போடுவதில்லை. தனியாக இருக்கும்போது மனசுக்குள் ஓடத்தான் செய்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஸ்பீக்கரில் போடுவதற்கு நான்தான் பொறுப்பு.

“மெட்டு வேற எங்கயோ இருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே ரசிக்கக் கூடாதா?”

தாராளமாக ரசிக்கலாம். முத்துசுவாமி தீட்சிதரே இங்கிலீஷ் பேண்ட் வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியிருக்கிறார், நோட்டுஸ்வரம் என்று பெயர். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு. மெட்டுகள் ஊர் ஊராக நடந்து போகிறவை. எடுத்தவர் மூலத்தைச் சொன்னாரா, சேர வேண்டிய காசு சேர்ந்ததா என்பது நியாயமான கேள்வி. அதுவும் மூலப் பாட்டு பெயர் தெரியாத ஒரு கிராமத்துப் பாட்டியுடையது என்றால் இரண்டு மடங்கு நியாயம். ஆனால் அது எடுத்தவரிடம் கேட்க வேண்டியது, உங்கள் காது குற்றவாளி இல்லை.

“ஆப்ல நான் என்ன கேக்குறேன்னு மத்தவங்களுக்குத் தெரியுமா?”

தெரிய வாய்ப்பு உண்டு. ஸ்பாட்டிஃபையில் ‘பிரைவேட் செஷன்’ என்று ஒரு வசதி இருக்கிறது, கொஞ்ச நேரத்துக்கு மறைத்து வைக்கும். டிசம்பரில் வருகிற வருஷக் கணக்கை நீங்களாகப் பகிர்ந்தால்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். இரண்டாவது கேள்விக்கு இது இன்னொரு சாட்சி.

“பிள்ளைங்க கேக்குற பாட்டு எனக்கு வெறும் இரைச்சலா இருக்கு. எனக்கு வயசாயிடுச்சா?”

வயசாகியிருக்கலாம், அதனால் காது கெட்டுவிட்டது என்று ஆகாது. நம் காது பதின்வயதில் எதைக் கேட்டுப் பழகியதோ அதையே இசை என்று எடுத்துக்கொள்கிறது. நம் பாட்டை நம் பெரியவர்கள் இரைச்சல் என்று சொன்னதும் உண்டல்லவா?

பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, “உனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணைப் போடு, எங்க கவனிக்கணும்னு சொல்லு” என்று கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் அடித்தாளம் கேட்கவே கேட்காது. நல்ல ஹெட்போனில் மூன்று தடவை கேளுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கேட்டுவிட்டுச் சொல்கிறீர்கள், அந்த மரியாதை பிள்ளைகளுக்குப் புரியும்.

“எல்லாரையும் கேக்குறீங்களே, உங்க கூச்சப் பாட்டு எது?”

எங்கள் வீடு கருப்புச் சட்டை வீடு. சாமி படம் கிடையாது, நாள் கிழமை பார்ப்பது கிடையாது. அந்த வீட்டுப் பையனுக்கு ஈஸ்வரியின் அம்மன் பாட்டு என்றால் பைத்தியம். கடையில் என் சொந்தக் கேசட் ஒன்றில், எம்.ஆர். ராதாவின் நாடக வசனத்துக்குப் பின்னால், பி சைடில் மிச்சம் இருந்த பதினைந்து நிமிஷத்தில் மூன்று பாட்டு பதிந்து வைத்திருந்தேன். அப்பா இல்லாத நேரம் பார்த்துக் கேட்பேன். சாமி இல்லை என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் கிடையாது. அந்த உடுக்கையும் அந்தக் குரலும் சேர்கிற இடத்தில் உடம்பு சிலிர்ப்பதிலும் சந்தேகம் கிடையாது. இரண்டையும் ஒரே ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா. கம்பத்தை அமராவதி ஆற்றுக்கு எடுத்துப் போகும் சாயங்காலம், மேளம் தூரத்தில் கேட்டதும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கருப்புச் சட்டையோடு தெருமுனை வரை நடப்பார். கும்பிட மாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கூட்டம் கடந்து போகும் வரை நின்றுவிட்டுத் திரும்பி வருவார். “எதுக்குப்பா போனீங்க?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“மேளம் கேக்க” என்றார்.